யாருடைய கணக்கில் விளையாட்டு?



நாம் யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் கூட்டங்களுக்கு வரும்போது இரண்டு புத்தகங்களைக் கையில் கொண்டுவருவார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்று அரசியல் சட்டம். இன்னொன்று அந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கை. முழக்கம் போடுவதற்கு முன்பு கணக்கைப் பாருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குச் செய்யும் மரியாதையாக இன்று ஒரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது விளையாட்டுக் கணக்கு.

2025 நவம்பரில் கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டுப் போட்டிகளை அகமதாபாத் நகரத்துக்கு வழங்கியது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா கடிதம் கொடுத்துவிட்டது. தேசத்துக்குப் பெருமை என்று பத்திரிகைகள் எழுதின. பெருமை இருக்கட்டும். ஆனால் இந்த நாடு இதற்கு முன்பு நடத்திய இரண்டு பெரும் போட்டிகளின் கணக்கை, அதாவது 1982 ஆசிய விளையாட்டு, 2010 காமன்வெல்த் விளையாட்டு இரண்டின் கணக்கையும், நம் மக்கள் பக்கத்திலிருந்து இன்னும் யாரும் முடித்துவைக்கவில்லை. பழைய கடன் தீராமல் புதுக் கடன் வாங்கினால் வீட்டில் என்ன கேட்போமோ, அதைத்தான் நாங்கள் இங்கே கேட்கிறோம்.

சென்னையில் கூடியிருக்கும் நமக்கு டெல்லியும் அகமதாபாத்தும் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். டெல்லியின் ஜங்புராவிலிருந்து தொடங்குகிறோம்.

தெற்கு டெல்லியில் பாராபுல்லா என்றொரு பெரிய வடிகால் ஓடுகிறது. அதன் கரையில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன தலித் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்தன. பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், கட்டடம் கட்டினார்கள், குப்பை அள்ளினார்கள். 2010 ஏப்ரலில் அங்கிருந்த 350க்கும் மேற்பட்ட தலித் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. காரணம், காமன்வெல்த் போட்டிக்கு வரும் வண்டிகளுக்கு நிறுத்துமிடம் வேண்டும் என்பது. ஊரில் சேரிக்கு வெளியே நிலமில்லை என்று கிளம்பிப் போனவர்கள், தலைநகரில் வண்டிகளுக்கு இடம் விட வேண்டும் என்று விரட்டப்பட்டார்கள். அதே வடிகாலின் மீதுதான் வீரர்கள் தங்கும் கிராமத்தையும் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கையும் இணைக்கும் மேம்பாலச் சாலை போடப்பட்டது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 1 அன்று, அதே பாராபுல்லா கரையில் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்றார்கள். இது விளையாட்டுக்காக நடந்த இடிப்பு அல்ல. வடிகாலைச் சீர்செய்ய வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவின்படி நடந்தது. ஆனாலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்போட்டி வந்தாலும் வராவிட்டாலும் முதலில் இடிபடும் வீடு எது என்பது மாறுவதில்லை. போட்டி வரும்போது அதற்கு ஒரு கெடு தேதியும் தேசப் பெருமையும் சேர்ந்துகொள்கின்றன. அப்போது கேள்வி கேட்பவர் தேசத்துக்கு எதிரானவர் ஆகிவிடுகிறார்.

வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் கூட்டமைப்பு, 2004 முதல் காமன்வெல்த் போட்டியை ஒட்டி டெல்லியில் குறைந்தது 2 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டதாக மதிப்பிட்டது. வெளியேற்ற முடியாத குடியிருப்புகளை மூங்கில் தட்டிகள் வைத்து மறைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அகமதாபாத்துக்கு வந்தபோது, அவர் போகும் சாலையோரம் இருந்த சரணியாவாஸ் குடிசைப் பகுதியை மறைத்துச் சுவர் எழுப்பினார்கள். 2030 போட்டி நடக்கப்போவதும் அதே நகரத்தில்தான். தட்டியும் சுவரும் நமக்குப் புதிதல்ல. நம் ஊர்களில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே எழுப்பிய சுவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பார்வையில் படாமல் இரு என்ற கட்டளை அங்கே சாதியின் பெயரில் வந்தது, இங்கே விருந்தோம்பலின் பெயரில் வருகிறது.

அடுத்து, யாரைக் கேட்டுப் போட்டியை வாங்கினார்கள் என்ற கேள்வி.

2003 நவம்பரில் ஜமைக்காவின் மாண்டேகோ பே நகரத்தில் நடந்த வாக்கெடுப்பில் டெல்லி, கனடாவின் ஹாமில்டனை 46க்கு 22 என்று வென்றது. பங்கேற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் வீரர் பயிற்சிக்காக 1 லட்சம் டாலர் தருவதாக இந்தியா சொல்லியிருந்தது. 2003 மே மாத ஏல ஆவணத்தில் இருந்த செலவு மதிப்பீடு 1,200 கோடி ரூபாய். 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை தந்தபோது அந்தத் தொகை 18,532 கோடியாகியிருந்தது. பதினைந்து மடங்கு. இந்த வாக்குறுதிகளைக் கொடுப்பதற்கு முன்பு டெல்லி மக்களிடம் எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. வாக்கெடுப்பு ஜமைக்காவில் நடந்தது. வீடிழந்தவர்கள் ஜங்புராவில் இருந்தார்கள்.

மக்களைக் கேட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கு 1976 குளிர்கால ஒலிம்பிக் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தது. 1972 நவம்பரில் கொலராடோ மாநில மக்கள் அதற்குப் பொதுப்பணம் தர மாட்டோம் என்று வாக்களித்தார்கள். போட்டி வேறு ஊருக்குப் போனது. 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மக்களில் 51.6 விழுக்காட்டினர் 2024 ஒலிம்பிக்குக்கான ஏலத்தை நிராகரித்தார்கள். 2018இல் கனடாவின் கால்கரி மக்களில் 56.4 விழுக்காட்டினர் 2026 குளிர்கால ஒலிம்பிக் வேண்டாம் என்றார்கள். 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கட்டுப்படியாகாது என்று 2023 ஜூலையில் கைகழுவியது. பணக்கார நாட்டு மக்கள் வேண்டாம் என்று தள்ளிவிடுவதைத்தான் நம் ஆட்சியாளர்கள் வரிசையில் நின்று வாங்கிவருகிறார்கள். அங்கே வேண்டாம் என்று சொன்னவர்களை யாரும் தேசத் துரோகி என்று சொல்லவில்லை. அவர்கள் வரி கட்டும் குடிமக்கள், கேட்க உரிமை உள்ளவர்கள். அந்த உரிமை இங்கே நமக்கு ஏன் இல்லை?

டெல்லியில் எதிர்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. இருந்தது. யமுனையின் வெள்ளப்படுகையில் வீரர்கள் கிராமத்தைக் கட்டக் கூடாது என்று 2007இல் விவசாயிகளும் சூழலியலாளர்களும் சத்தியாகிரகம் இருந்தார்கள். 2008இல் உயர்நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. 2009 ஜூலையில் உச்சநீதிமன்றம் கட்டலாம் என்று அனுமதித்துவிட்டது. ஒன்றிய அமைச்சரவையில் விளையாட்டுத் துறையைக் கவனித்த மணிசங்கர் ஐயரே இந்தச் செலவை வெளிப்படையாக எதிர்த்தார். தொழிலாளர் அமைப்புகள் வழக்கு தொடுத்தன. ஆனால் இந்த எதிர்ப்புகளில் நாடு நினைவில் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். அது ஊழல். 2011 ஏப்ரலில் அமைப்புக் குழுத் தலைவர் கைதானார். தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் பேசின. அந்தப் பேச்சில் மறைந்துபோன இரண்டு விஷயங்களைத்தான் இன்று நாங்கள் வெளியே எடுக்க விரும்புகிறோம். ஒன்று உழைப்பு. மற்றது பணம். நம் உழைப்பு, நம் பணம்.

உழைப்பைப் பற்றிப் பேச 1982க்குப் போக வேண்டும். ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் மேம்பாலங்களும் அரங்குகளும் எழுந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசா ஆகிய இடங்களிலிருந்து ஜமாதார் எனப்படும் தரகர்கள் மூலம் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி ஒரு நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் எடுத்துக்கொண்டார். பெண்களுக்குக் கிடைத்தது 7 ரூபாய். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் அங்கே வேலை செய்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் இதை ஆய்வுசெய்து நீதிபதி பி.என்.பகவதிக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தையே உச்சநீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது.

மாணவர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவை மீறுவது என்று நீதிமன்றம் சொன்னது. கையைக் கட்டி இழுத்துவந்தால்தான் கட்டாயம் என்றில்லை, பசியும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் ஊரில் இதற்கு வெட்டி வேலை என்று பெயர். பறை அடிக்கவும் பிணம் எரிக்கவும் கூலியில்லாமல் கூப்பிட்ட அதே வேலை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவையும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் பிரிவையும், குழந்தை உழைப்பைத் தடுக்கும் 24ஆம் பிரிவையும் ஒரே வரிசையில் வைத்து, தனியார் மீறினாலும் அதைத் தடுப்பது அரசின் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதாவது, ஒப்பந்ததாரர் செய்தார், எங்களுக்குத் தெரியாது என்று அரசு இனிமேல் சொல்ல முடியாது. ஒரு விளையாட்டுப் போட்டியின் செங்கல் தூசியிலிருந்துதான் இந்த உரிமை நமக்குக் கிடைத்தது.

28 ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில், அதே சங்கம் மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2010இல் டெல்லி உயர்நீதிமன்றம் அமைத்த குழு, காமன்வெல்த் பணியிடங்களில் கூலி குறைப்பையும், பதிவு செய்யப்படாத தொழிலாளர்களையும், மனிதர் தங்க முடியாத கூடாரங்களையும் கண்டது. போட்டி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு நேரு அரங்கத்தின் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து 27 தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். வெளிநாட்டு வீரர்களுக்குப் பாதுகாப்பு இருக்குமா என்று உலகமே கவலைப்பட்டது. அடிபட்டுக் கிடந்தவர்களின் ஊர் எது, சாதி எது, கூலி எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறோம். இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு திட்டம் 1979-80இல் வந்தது. மாநிலத்தின் மக்கள்தொகையில் நாம் எத்தனை விழுக்காடோ, திட்டச் செலவில் அத்தனை விழுக்காட்டை நமக்கென்று தனியே ஒதுக்க வேண்டும், அதை வேறெதற்கும் திருப்பக் கூடாது, ஆண்டு முடிந்தால் காலாவதியாகவும் விடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. இது யாரும் போடும் பிச்சை அல்ல. மொத்த வருவாயில் நம் பங்கு. டெல்லியில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 17 விழுக்காடு.

வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் கூட்டமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்ற ஆவணங்கள், 2006-07 முதல் 2010-11 வரை டெல்லி அரசு இந்தத் திட்டத்தின் நிதியிலிருந்து சுமார் 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பியதைக் காட்டின. தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கம் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் புயல் எழுந்தது. 2010 ஆகஸ்டு இறுதியில் மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், அப்படித் திருப்பியது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். யாரும் பெட்டியை உடைத்துப் பணத்தை எடுப்பதில்லை. ஒரு மேம்பாலம் கட்டுகிறார்கள். ஒரு தெருவுக்கு விளக்குப் போடுகிறார்கள். இதை எல்லாரும் பயன்படுத்துவார்கள், எல்லாரிலும் தலித்துகளும் உண்டு, ஆகவே இந்தச் செலவில் ஒரு பங்கு தலித்துகளுக்குச் செய்த செலவு என்று பேரேட்டில் எழுதிவிடுகிறார்கள். கருத்தளவில் ஒதுக்கீடு என்று அதற்கு நாகரிகமான பெயரும் உண்டு. மேம்பாலத்தின் மேலே கார் போகும். கீழே இருந்த குடிசையை இடித்தாகிவிட்டது. ஆனால் கணக்கில் அந்தக் குடிசைக்காரரும் மேம்பாலத்தின் பயனாளி. வீட்டை இடிக்கவும் நம் பணம், இடித்த இடத்தை அலங்கரிக்கவும் நம் பணம்.

இதற்கு யாரும் கைதாகவில்லை. ஏனென்றால் இதை ஊழல் என்று இந்தச் சமூகம் கருதுவதில்லை. ஒரு இயந்திரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கினால் ஊழல். நம் பிள்ளைகளின் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் ஒதுக்கிய பணத்தை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோனால் அது நிர்வாக முடிவு. எங்கள் கருத்தை நேராகவே சொல்கிறோம். காமன்வெல்த் போட்டியில் நடந்த பெரிய கொள்ளை, சட்டப்படி, கையெழுத்துப் போட்டு, ஐந்து ஆண்டுகள் நிதானமாக நடந்த கொள்ளை. ஊழல் எதிர்ப்பு என்று பேசியவர்களில் மிகச் சிலரே அதைத் தொட்டார்கள். அந்தப் பேச்சின் முடிவு என்ன? அமைப்புக் குழுத் தலைவர் மீதான பணமோசடி வழக்கு 2025 ஏப்ரலில் முடித்துவைக்கப்பட்டது. ஊழலை மட்டும் எதிர்த்தால், ஊழல் இல்லாமல் செய்யும் அநியாயத்துக்கு நாம் சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடும். நாளை அகமதாபாத்தில் ஒரு பைசா லஞ்சமில்லாமல் போட்டியை நடத்தினாலும், எங்கள் கேள்வி அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். நீங்கள் விளையாட்டுக்கே எதிரிகளா? இல்லை. விளையாட்டு நம்முடையது. பல்வங்கர் பாலு தலித் சமூகத்தில் பிறந்து, 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர். மைதானத்தில் அவருடைய பந்துவீச்சு வேண்டும், ஆட்டம் நின்றால் அவருக்கு வெளியே மண்குவளையில் தேநீர். அணித் தலைவர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1937 தேர்தலில் அவர் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் வரலாறு. அரசியலில் எதிரெதிரே நின்றாலும், அவர் ஆடிய ஆட்டம் நம் வரலாற்றில் சேர்ந்ததுதான். நூறாண்டு கழித்து, 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் சாதியைச் சொல்லித் திட்டிப் பட்டாசு வெடித்தார்கள். ஜெயித்தால் தேசத்தின் மகள், தோற்றால் சேரியின் மகள். சர்வதேசப் போட்டி தேசத்தை ஒன்றாக்கும் என்பவர்கள் அந்த வாசலைப் பார்க்க வேண்டும்.

நம் சென்னையிலேயே பாருங்கள். நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அங்கிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அவருக்குத் தேவைப்பட்டது ஆயிரம் கோடி அரங்கம் அல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் ஆட ஒரு இடமும், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும், வயிற்றுக்குச் சத்தான சாப்பாடும்தான். இவை மூன்றையும் ஒவ்வொரு குடியிருப்பிலும் கொடுப்பதுதான் விளையாட்டுக் கொள்கை. குடியிருப்பை இடித்து அரங்கம் கட்டுவது விளையாட்டுக் கொள்கை அல்ல.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

முதல் வேலை, நேரம் தவறாமல் கேட்பது. 2010இல் தலித் நிதி போனது வெளியே தெரிந்தபோது பணம் சிமெண்டாக மாறியிருந்தது. 2030க்கு இன்னும் காலம் இருக்கிறது. குஜராத்தின் ஒவ்வொரு ஆண்டு நிதிநிலை அறிக்கையிலும் பட்டியல் சாதி, பழங்குடித் தலைப்புகளின் கீழ் என்ன எழுதப்படுகிறது என்று அங்குள்ள தோழர்கள் பார்க்க வேண்டும். நாம் அவர்களோடு நிற்க வேண்டும். தகவல் அறியும் உரிமை மனுவுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. மாணவர்களால் முடியும்.

இரண்டாவது வேலை, சட்டத்தைக் கையில் எடுப்பது. ஒன்றிய அரசு திட்டக் குழுவைக் கலைத்தது. 2017-18 முதல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவையும் எடுத்துவிட்டது. திட்டச் செலவில் இத்தனை பங்கு என்று கேட்பதற்கு இருந்த அளவுகோலே போய்விட்டது. அதனால்தான் மாநிலங்களில் தனிச்சட்டம் வேண்டும் என்று போராடினோம். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் 2013லேயே வந்தது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல்தான் நிறைவேறியது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. எல்லாரும் பயன்படுத்தும் சாலையையும் பாலத்தையும் நம் கணக்கில் எழுதினால், அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒவ்வொரு மாவட்டத்திலும் நம் ஆட்கள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எதிர்ப்பின் மொழியை மாற்றுவது. நதிக்காகப் போராடுகிறவர்களோடும், வரிப்பணத்துக்காகப் பேசுகிறவர்களோடும், தொழிலாளர் சங்கங்களோடும் நாம் சேர்ந்து நிற்போம். ஆனால் அந்த மேடைகளில் நம் கேள்வி கடைசி வரிசையில் உட்காரக் கூடாது. யார் வீடு இடிபடுகிறது, யார் கூலி குறைகிறது, யார் பங்கு திருப்பப்படுகிறது என்ற மூன்றும் கோரிக்கைப் பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத எந்தப் போட்டியும் நம் பெயரில் நடக்கக் கூடாது.

பாராபுல்லா கரையில் வீடிழந்த குடும்பங்கள் எந்தப் போட்டிக்கும் சீட்டு வாங்கிப் பார்த்தவர்கள் அல்ல. ஆனால் 2010 போட்டியின் செலவில் அவர்களுடைய பங்கு இருந்தது. அந்தக் கணக்கை முடிக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்ட விடமாட்டோம் என்று சொல்வதே நம் தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.

ஜெய்பீம்.